ஈர்க்குச்சியில் ஒரு சிற்பம்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். வரும்போதே தென்னந்துடைப்பத்திலிருந்து நல்ல ஈர்க்குச்சியாக இரண்டை உருவிக்கொண்டு வாருங்கள். ஒரு முழம் தையல் நூல், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, கத்தரிக்கோல். இவ்வளவு போதும். டீ பாதி குடித்த பிறகுதான் இவை தேவைப்படும். அதுவரை ஓரமாக இருக்கட்டும்.

நாம் இன்று பேசப்போகும் சிற்பி உளியைவிடக் குறட்டை அதிகம் நம்பியவர். சட்டைப் பையில் குறடும் தோளில் கம்பிச் சுருளுமாகத் திரிந்தவர். பெயர் அலெக்சாண்டர் கால்டர். 1898-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கைக்குழந்தை படுத்திருக்கும் கட்டிலுக்கு மேலே மீனும் நிலவும் மெல்லச் சுழலும்படி ஒரு தொங்கல் கட்டுகிறார்களே, கடைக்காரர்கூட அதை ‘மொபைல்’ என்பாரே, அந்தப் பெயர் வந்ததே கால்டரின் சிற்பங்களிலிருந்துதான். சின்ன வயதில் கம்பியையும் தகரத்தையும் நோண்டிக்கொண்டிருந்த பையன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

‘நோண்டுவது’ என்ற சொல்லை நம் வீடுகளில் பெரும்பாலும் திட்டத்தான் எடுப்போம். ‘அந்த ரேடியோவை நோண்டாதே’ என்போம். ஆனால் நோண்டுகிற பிள்ளை உண்மையில் ஒரு கேள்வி கேட்கிறது. இது எப்படி ஓடுகிறது, இதைக் கழற்றினால் என்ன ஆகும் என்று வாயால் கேட்காமல் விரலால் கேட்கிறது. கால்டரின் வீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைத்தது. இடம் என்றால், நிஜமாகவே ஒரு அறை.

அவருடைய தாத்தா சிற்பி. பிலடெல்பியா நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை அவர் செய்தது. அப்பாவும் சிற்பி, அம்மா ஓவியர். அப்பாவின் உடல்நிலைக்காகவும் வேலைக்காகவும் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. குடிபோன வீடுகளில் பையனுக்கென்று ஒரு பட்டறை மட்டும் தவறாமல் அமைந்தது. கலிபோர்னியாவின் பசடேனாவில் வீட்டின் நிலவறையே அவன் பட்டறை. தெருவில் மின்கம்பி இணைக்கும் ஆட்கள் விட்டுப்போன செப்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவந்து, அக்கா பெக்கியின் பொம்மைகளுக்கு நகை செய்து போட்டான். அப்போது வயது எட்டோ ஒன்பதோ.

1909 கிறிஸ்துமசுக்கு அவன் தன் பெற்றோருக்குக் கொடுத்த பரிசில் ஒரு வாத்து இருந்தது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு பித்தளைத் தகட்டை வெட்டி, மடித்துச் செய்த சின்ன வாத்து. அடிப்பாகம் வளைவாக இருக்கும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும். ஆடி முடித்துப் பழைய நிலைக்கே வந்து நிற்கும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைச் சாய்த்துவிட்டால் தானே எழுந்துகொள்ளுமே, அதே குடும்பம். சிலை என்றால் அசையாமல் நிற்பது என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், பதினொரு வயதுப் பையன் தட்டினால் ஆடும் சிலை ஒன்றைச் செய்துவிட்டான். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை அந்த வாத்துதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த படியில் கதை திரும்புகிறது. கலைஞர் வாழ்க்கையில் வருமானம் நிலையில்லை என்பது பெற்றோருக்கு நன்றாகத் தெரியும். மகனும் அதே பாட்டைப் படவேண்டாம் என்று நினைத்தார்கள். பையன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பதென்று முடிவு செய்தான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதே அப்போது தனக்குச் சரியாகத் தெரியாது என்று பிற்காலத்தில் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் இருக்கும் ஸ்டீவன்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1919-இல் பட்டம் வாங்கினார். அங்கே அவருக்கு நன்றாக வந்த பாடம் விவரண வடிவியல். பெயர்தான் பெரிது; விஷயம் எளிது. ஒரு குடத்தை மேலிருந்து பார்த்தால் ஒரு படம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு படம். இந்த இரண்டையும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, முழுக் குடத்தையும் மனதுக்குள் நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழகுவதுதான் அது.

பட்டம் வாங்கிய சில வருடங்களில் அவர் ஓவியப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். இதைக் கேட்டதும் ஏறக்குறைய எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ‘பாவம், நாலு வருஷப் படிப்பு வீணாப் போச்சே!’ கலையை நேசிப்பவர்கள் இதையே மாற்றிச் சொல்வார்கள்: ‘நல்லவேளை, அந்த மெஷினிலிருந்து தப்பித்தார்.’ இரண்டும் ஒரே தவறான எண்ணத்தின் இரண்டு முகம். பொறியியல் ஒரு கரை, கலை இன்னொரு கரை, ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு நீந்தித்தான் போகவேண்டும் என்ற எண்ணம். இது ஏன் சரியில்லை என்பதை வாதம் செய்து விளக்குவதைவிட, ஈர்க்குச்சியைக் கையில் எடுத்தால் தானே விளங்கிவிடும். அதற்கு முன் இன்னும் இரண்டு மூன்று படிகளை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவோம்.

படிப்பு முடிந்து கால்டர் பல வேலைகளில் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தார். நீரியல் வேலை பார்த்தார், மின்சார நிறுவனம் ஒன்றில் வரைபடம் போட்டார். 1922-இல் ஒரு பயணிகள் கப்பலின் கொதிகலன் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் குவாத்தமாலா கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடிகாலையில் தளத்தில் கண் விழித்தபோது, ஒரு பக்கம் நெருப்புச் சிவப்பாகச் சூரியன் எழும்புகிறது, மறுபக்கம் வெள்ளிக் காசு போல நிலவு நிற்கிறது. ஒரே வானத்தில் இரண்டு வட்டங்கள், நடுவே இவர். அந்தக் காட்சி கடைசிவரை அவரை விடவில்லை.

1923-இல் நியூயார்க்கில் ஓவியம் படிக்கத் தொடங்கினார். ஒரு பத்திரிகைக்குப் படம் போட்டுக் கொடுத்தார். அந்தப் பத்திரிகை 1925-இல் சர்க்கஸ் பார்த்து வரையச் சொல்லி அவரை அனுப்பியது. கயிற்றில் நடப்பவரும் ஊஞ்சலில் தாவுபவரும் செய்வதெல்லாம் எடையை இடம் மாற்றிச் சமாளிக்கும் வித்தைதானே! மனிதர் மயங்கிப்போனார். மறுவருடம் பாரிசுக்குப் போனதும், கம்பி, தக்கை, துணி, மரத்துண்டு என்று கிடைத்ததையெல்லாம் வைத்து ஒரு குட்டி சர்க்கஸ் கட்டினார். நண்பர்களைக் கூட்டி, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொம்மையாகத் தானே இயக்கிக் காட்டுவார். நுழைவுக் கட்டணம் வசூலித்து வாடகைக்கு வழி செய்துகொண்டதும் உண்டு. அதே காலத்தில், இழுத்தால் அசையும் பொம்மைகளை அவர் வடிவமைத்துக் கொடுக்க, விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனம் ஒன்று தயாரித்து விற்றது. நோண்டல் தொழிலாகும் கதை இப்படித்தான் இருக்கிறது. ஒரு நாளில் கதவு திறந்துவிடவில்லை. ஒரு கை படம் வரைய, ஒரு கை பொம்மை செய்ய, இரண்டுமாகச் சேர்ந்து அவருக்குச் சோறு போட்டன.

1930 அக்டோபரில் பாரிசில் ஓவியர் மாண்ட்ரியனின் கூடத்துக்குப் போனார். வெள்ளைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலச் செவ்வகங்கள் ஒட்டியிருந்தன. இவை அசைந்தால் எப்படி இருக்கும் என்று கால்டர் கேட்டார். தேவையில்லை, என் ஓவியத்துக்குள்ளேயே போதிய வேகம் இருக்கிறது என்று மாண்ட்ரியன் மறுத்துவிட்டார். ஆனால் கேட்டவருக்கு அந்த எண்ணம் போகவில்லை. மோட்டார் வைத்தும் கைப்பிடி வைத்தும் அசையும் சிற்பங்கள் செய்தார். 1931-இல் அவற்றைப் பார்த்த கலைஞர் மார்செல் துஷாம்ப் வைத்த பெயர்தான் ‘மொபைல்’. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அசைவது என்றும் பொருள், ஒரு செயலுக்குப் பின்னால் இருக்கும் நோக்கம் என்றும் பொருள்.

மோட்டாரில் ஒரு குறை இருந்தது. ஒரு சுற்று முடிந்தால் அதே சுற்றுத்தான் மறுபடியும் வரும். கிரைண்டரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்? ஆனால் அரசமரத்து இலையை நாளெல்லாம் பார்க்கலாம். அது ஒரே மாதிரி இரண்டு முறை அசைவதில்லை. கால்டர் மெல்ல மெல்ல மோட்டாரைக் கழற்றிவிட்டு அந்த வேலையைக் காற்றிடம் கொடுத்தார். காற்றோ ஒரு மூச்சளவுதான் தள்ளும். அந்த அளவுக்கே அசையவேண்டும், ஆனால் கவிழக்கூடாது. இதை எப்படிச் செய்வது? இப்போது ஈர்க்குச்சியை எடுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டுவோம். அதைப்போல ஐந்து மடங்கு பரப்பில் இன்னொரு துண்டு வெட்டுவோம். ஒரே அட்டை என்பதால் பரப்பு ஐந்து மடங்கென்றால் எடையும் ஐந்து மடங்கு, தராசு தேவையில்லை. ஈர்க்குச்சியில் 18 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஒரு முனையில் பெரியதையும் மறுமுனையில் சிறியதையும் நூலில் தொங்கவிடுவோம். இனி குச்சியை எங்கே பிடித்துத் தூக்கினால் சாயாமல் நிற்கும்? சமநிலை என்றதும் இரண்டு பக்கமும் ஒரே எடை என்று நம் மனம் தராசை நினைத்துக்கொள்கிறது. பூங்காவில் இருக்கும் சீசாவை நினையுங்கள். அப்பா நடுத்தண்டுக்கு நெருங்கி உட்கார்ந்தால், கடைசியில் உட்கார்ந்த குழந்தை அவரைத் தூக்கிவிடும். எடை மட்டும் பேசாது. எடையும் தூரமும் சேர்ந்துதான் பேசும். இரண்டையும் பெருக்கி வருவது இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். இதைத்தான் பாடப்புத்தகம் நெம்புகோல் விதி என்கிறது.

நம் குச்சியில் கணக்குப் போட்டால், பெரியதிலிருந்து 3 சென்டிமீட்டர், சிறியதிலிருந்து 15. ஐந்து மூன்று பதினைந்து. ஒன்று பதினைந்து பதினைந்து. அந்த இடத்தில் நூல் கட்டித் தூக்கிப் பாருங்கள். சரியாக நிற்கிறதா? நிற்காது! சிறிய அட்டைப் பக்கம் சற்றுத் தாழும். ஏனென்றால் ஈர்க்குச்சிக்கும் ஒரு எடை உண்டு, அதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை. முடிச்சைத் தளர்த்தி, குச்சியின் நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஒரு இடத்தில் குச்சி மூச்சுவிட்டாற்போல நேராகும். அந்தக் கணத்தை உங்கள் விரல் உணர்ந்ததல்லவா? கால்டரும் இப்படித்தான் வேலை செய்தார். ஒவ்வொரு மொபைலுக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு அவர் உட்காரவில்லை. குறட்டால் கம்பியைத் தூக்கி, நகர்த்தி, வளைத்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்.

அப்படியானால் படிப்பு எதற்கு உதவியது? நல்ல சமையற்காரர் உப்பை அளந்து போடுவதில்லை. அதனால் அவருக்கு அளவு தெரியாது என்று யாரும் சொல்லமாட்டோம். அளவு கைக்குள் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். எடை எங்கே போகும், எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இணைப்பு தாங்கும் என்பது தெரிந்த கைக்குச் சோதித்துப் பார்க்கும் தைரியம் வரும். பத்து இடத்தில் முயலவேண்டியவர் இரண்டு இடத்தில் முயன்றால் போதும்.

இன்னொரு நுணுக்கம். ஈர்க்குச்சிக்கு இயல்பிலேயே ஒரு வளைவு உண்டு. கூன் மேலே இருக்கும்படி குச்சியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிறகு கூன் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பாருங்கள். கூன் மேலே இருந்தால், தட்டினால் ஆடித் திரும்ப வந்து நிற்கும். கீழே இருந்தால், தொட்டதும் சரியும். தூக்கும் புள்ளி மேலேயும் தொங்கும் எடைகள் அதற்குக் கீழேயும் இருந்தால், குச்சி சாயும்போது எடைகளெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாகச் சற்று மேலேறும். ஏறியது பழைய பள்ளத்துக்கே இறங்கப் பார்க்கும். எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாமே, அந்தப் புள்ளிக்கு ஈர்ப்பு மையம் என்று பெயர்; இங்கே ஏறி இறங்குவது அதுதான். கால்டரின் மொபைல்களைப் படத்தில் பார்த்தால் கம்பிகள் வில் போல வளைந்திருக்கும். பார்வைக்கு அழகு, அந்த அழகுதான் அதைக் கவிழாமலும் காக்கிறது. பித்தளை வாத்து மறுபடி எட்டிப் பார்க்கிறது, பாருங்கள்.

இனி இரண்டாவது குச்சி. முதல் குச்சியை அப்படியே தூக்கி இதன் ஒரு முனையில் கட்டுங்கள். அதில் இருப்பது ஆறு பங்கு எடை. மறுமுனையில் இரண்டு பங்கு அட்டை. இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால், கனமான முனையிலிருந்து 5, மறுமுனையிலிருந்து 15. இந்தக் குச்சியைப் பொறுத்தவரை, முதல் குச்சியும் அதன் அட்டைகளும் சேர்ந்து ஒரே ஒரு எடை. அதனால்தான் மொபைலை எப்போதும் கீழிருந்து மேலே கட்டுகிறோம். கடைசியில் தொங்கும் சின்ன இலையில் தொடங்கி, ஒவ்வொரு கிளையாக மேலே ஏறவேண்டும். மேலிருந்து தொடங்கினால், கீழே ஒரு துண்டை மாற்றும்போதெல்லாம் மேலே உள்ள அத்தனை முடிச்சையும் அவிழ்த்துக் கட்டவேண்டி வரும். மரம் வேரிலிருந்து வளர்கிறது. இந்த மரம் இலையிலிருந்து வளர்கிறது.

சிறியதில் கை சொன்னது போதும். பெரியதில் கணக்கு வந்தே தீரும். ஒரு பொருளை நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் இரட்டித்தால், காற்றைப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும்; எடையோ எட்டு மடங்காகும். அதாவது பெரிதாக்க ஆக்க, காற்று அதைத் தள்ளத் திணறும். வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஓவியக் கூடத்துக்காகக் கால்டர் வடிவமைத்த கடைசிப் பெரிய மொபைல் சுமார் 23 மீட்டர் அகலம். எஃகில் செய்தால் உள்ளே வீசும் மெல்லிய காற்றுக்கு அது அசையாது என்று தெரிந்தது. ஓவியர் மத்தீசின் பேரன் பால் மத்தீஸ் ஒரு வழி கண்டார்: உள்ளே தேன்கூடு போல வெற்றறைகள் கொண்ட அலுமினியப் பலகைகள். மொத்த எடை ஏறத்தாழ 417 கிலோவில் நின்றது. 1976 நவம்பரில் கால்டர் இறந்தார்; மறுவருடம் அது தொங்கவிடப்பட்டது. இன்றும் பார்வையாளர்களின் தலைக்கு மேலே மெல்லச் சுழல்கிறது.

அசையாத பெரிய எஃகுச் சிற்பங்களும் அவர் செய்தார். அவற்றுக்கு ‘ஸ்டேபிள்’ என்று பெயர் வைத்தவர் சிற்பி ஆர்ப். மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1969-இல் நிறுவிய சிவப்புச் சிற்பம் 43 அடி உயரம், 42 டன். கையடக்கமான ஒரு தகட்டு மாதிரியைக் கால்டர் செய்து கொடுப்பார்; எஃகுப் பட்டறை அதைப் பெரிதாக்கும். எங்கே போல்ட், எங்கே உள்விலா என்று தொழிலாளர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசமுடிந்தது அவருக்கு. இப்போது அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டுக்கொள்வோம். அந்த நான்கு வருடம் வீணாயிற்றா? அது எங்கேயும் போகவில்லை. பொம்மை நகையும் வாத்தும் ஒரு முனையில், இந்த 42 டன் மறுமுனையில் என்றால், நடுவே தாங்கும் கம்பியில் அந்தப் படிப்பும் முறுக்கிக் கிடக்கிறது.

1955-இல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். கட்டடக் கலைஞர் கிரா சாராபாயின் அழைப்பில் அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தினரின் வீட்டில் தங்கி, அங்கேயே பல சிற்பங்களும் நகைகளும் செய்துகொடுத்தார். எந்த ஊருக்குப் போனாலும் கம்பியும் தகடும் கிடைக்கும், குறடு பையில் இருக்கிறது. பசடேனா தெருவில் கம்பி பொறுக்கிய பழக்கத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

இந்தக் கதையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் இடம் அந்த நிலவறைப் பட்டறைதான். அவன் சிற்பி ஆகவேண்டும் என்று பெற்றோர் அதைக் கொடுக்கவில்லை; ஆகக்கூடாது என்றுகூட நினைத்தார்கள். இருந்தும் ஒவ்வொரு முறை வீடு மாறியபோதும் ஒரு மூலையும் சில கருவிகளும் அவனுக்கு ஒதுக்கப்பட்டன. ‘பெரியவனாகி என்ன ஆவாய்’ என்ற கேள்வி அந்த மூலைக்குள் நுழையவில்லை. நம் வீட்டிலும் ஒரு மேசை மூலை, ஒரு குறடு, கொஞ்சம் கட்டுக்கம்பி ஒதுக்க முடிந்தால் ஒதுக்குவோம். அதிலிருந்து சிற்பம் வரலாம், மிக்சி ரிப்பேர் வரலாம். இரண்டையும் செய்யும் கை ஒன்றுதான்.

டீ ஆறியிருக்கும், இன்னொரு டம்ளர் சூடாக ஊற்றிக்கொள்ளுங்கள். நாம் கட்டியதை உத்தரத்திலோ ஜன்னல் கம்பியிலோ தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, டம்ளரை அதற்கு நேர் கீழே வையுங்கள். கொஞ்சம் பொறுங்கள். ஆவி மேலேறி, அந்தத் தீப்பெட்டி அளவுத் துண்டைத் தொடும்போது அது முதலில் தயங்கும், பிறகு மெல்லத் திரும்பும்.